சிவப்புப் பூசிய திரி

பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சுரங்கத்து வெடிப் பிரிவில் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அவர்கள் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில். தூரத்தில் நின்று பட்டனைத் தட்டினால் போதும். "ஐயா, ஒங்க காலத்துல திரியக் கொளுத்திட்டு ஓடுவீங்களாமே?" என்று அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஓடுனா சீட்டக் கிழிச்சிடுவாங்கடா. நடக்கணும். ஓடறவன் தடுக்கி விழுவான்" என்றேன். பையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு காபியைக் குடித்தான்.

சுரங்கத்தில் நடந்த ஏதாவது ஒரு விபத்தைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத உட்கார்ந்தால் சுரங்கம் வரவில்லை. கடல்தான் வருகிறது. நெய்வேலியில் ஏதுய்யா கடல் என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் வேலைக் காலத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட சம்பவம் அந்தப் பள்ளத்துக்குள் நடக்கவில்லை. கடலூருக்குத் தெற்கே, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தண்ணீருக்கு அடியில் நடந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் சாப்பாடு இறங்குவதில்லை. அதையே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம்.

நான் மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா கடலோடு போய்ச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாது. என்னை வளர்த்தவர் அண்ணன் ஏழுமலை. அவர் கட்டுமரம் தள்ளி என்னைப் படிக்க வைத்தார். "ஒன் கையில உப்பு ஏறக் கூடாதுடா தனகோட்டி" என்று சொல்லிச் சொல்லியே எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வைத்துவிட்டார். நெய்வேலியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்த புதிதில் ஆள் எடுத்தார்கள். போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி, பரீட்சை, சர்டிபிகேட் எல்லாம் முடிந்து ஷாட்ஃபயரர் ஆனேன். அதாவது வெடி கொளுத்துகிறவன். கல்யாணம் ஆனது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பெர்மனென்ட் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் ஃபோர்மேன் பெயர் வேதமாணிக்கம். கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர். அங்கே அவருடைய அப்பாவும் பூமிக்குள் இறங்கி வேலை செய்தவர். ஒல்லி உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் எல்லோரையும் "மேன்" என்றுதான் கூப்பிடுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் தேவலை என்று இருக்கும். யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு மேன்" என்று சொல்லிவிட்டு அந்த வேலையை முதலில் இருந்து கடைசி வரை அவரே செய்வார். தப்புச் செய்தவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுற்றிலும் கூலியாட்கள் நின்று பார்ப்பார்கள். அந்த அவமானம் ஒரு தடவை பட்டவன் மறுதடவை படமாட்டான்.

நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணில் ஓர் அடுக்கு மணற்பாறை. இரும்புப் பல்லுள்ள மிஷினே அதைக் கடித்துப் பல் தேய்ந்துபோகும். அதைக் குழி போட்டு வெடித்துத் தளர்த்துவார்கள். அப்படியும் யானை படுத்த மாதிரி பெரிய பெரிய துண்டுகள் மிஞ்சும். அவற்றை உடைப்பதுதான் என் வேலை. பாறை மேல் ஜெலட்டின் குச்சிகளை வைத்து, அவற்றை வெடிக்க வைக்கும் கேப்பு ஒன்றைச் செருகி, திரியை வெளியே விட்டு, மேலே களிமண்ணை அப்பி அழுத்திவிடுவார்கள். குச்சி சுமந்து வந்து மண் அப்புவது கான்ட்ராக்ட் ஆட்கள். கொளுத்துவது நான். சங்கு ஊதி, சிவப்புக் கொடி காட்டி, எல்லோரும் ஒதுங்கிய பிறகு கொளுத்திவிட்டு மறைவிடத்துக்கு நடந்து வருவேன். வெடிச் சத்தங்களைக் காதால் எண்ணிக்கொள்வேன். எண்ணிக்கை குறைந்தால் அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

திரியைச் சோதிப்பதுதான் வேதமாணிக்கத்துக்குப் பூசை மாதிரி. புதுச் சுருள் ஒன்று பிரித்தால் முதலில் நுனியை வெட்டி எறிவார். நுனியில் ஈரம் ஏறியிருக்குமாம். பிறகு ஒரு முழம் வெட்டி ஆணியில் தொங்கவிட்டுக் கொளுத்தி, சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பிடித்துக்கொள்வார். நெருப்பு அடிமுனைக்கு வந்து சேரும் வரை வாயைத் திறக்கமாட்டார். நேரம் சரியாக இருந்தால் கிராம்பை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். அதுதான் அனுமதி. "ஒரே கம்பெனி சரக்குத்தானே சார், தெனம் எதுக்கு?" என்று புதிதில் நான் கேட்டேன். "ஒரே அம்மாவுக்குப் பொறந்த பசங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்கான் மேன்?" என்றார்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த பிறகு ஒரு சுருள் பிரித்தார். கொளுத்தினார். கடிகாரத்தைக் கையில் எடுப்பதற்குள் சர்ரென்று ஓடி முடிந்துவிட்டது. மறுபடி வெட்டிக் கொளுத்தினார். அதே கதை. மனிதர் முகம் செத்துப்போனது. "இதக் கொளுத்திட்டு ஒரு ஸ்டெப்பு எடுத்து வெக்க முடியாது மேன். நின்ன எடத்துலயே போயிருப்ப" என்றார். சிவப்புப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, சுருளின் இரண்டு முனையையும் முக்கி, மேலேயும் பிரஷ்ஷால் இழுத்துவிட்டார். ஆகாது என்று ஒதுக்கியதற்கு அடையாளம் அது. அதை எரித்துவிடச் சொல்லிக் கான்ட்ராக்ட் மேஸ்திரி சின்னராசுவிடம் கொடுத்தபோது ஆபீசிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அவர் போய்விட்டார். திரும்பி வந்ததும் சின்னராசு குழியில் சாம்பலைக் காட்டினான். சாம்பல் சாம்பல்தானே, எதனுடைய சாம்பல் என்று யார் கண்டது?

அதே சமயத்தில் பாறைகள் சரியாக நொறுங்காமல் போயின. வெடி வெடிக்கும், பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், மிஷின்காரர்கள் சத்தம் போடுவார்கள். வேதமாணிக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் துண்டுகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "ரெண்டு குச்சிக்கு இது இப்பிடி நிக்காதே மேன்" என்பார். ஆனால் களிமண்ணுக்குள் எத்தனை குச்சி போனது என்று அப்பியவனுக்குத்தானே தெரியும்!

இதற்கிடையில் வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் மீன்காரப் பெண்கள் கூடையோடு எங்கள் பிளாக்குக்கு வருவார்கள். ஒருநாள் என் மனைவி வள்ளி நல்ல கொடுவா ஒன்று வாங்கினாள். அவளும் குப்பத்துப் பெண்தான், மீனை அரிவாள்மணையில் வைத்ததுமே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள்.

"என்னாங்க, இங்க வந்து பாருங்க. மேல ஒரு காயங் கெடையாது. உள்ளார பாருங்க, ரத்தமா கட்டிகினு கெடக்குது. முள்ளு சதைய வுட்டுட்டு தனியா நிக்குது. வலையில மாட்டுன மீனு இப்பிடியா சாவும்?"

"ஐஸ்ல ரொம்ப நாள் கெடந்திருக்கும்" என்றேன்.

"ஐஸு முள்ள ஒடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவ்வளவு பெரிய மீனைக் குப்பையில் கொட்டினாள். எனக்கு வயிற்றெரிச்சல். அன்றைக்கு ரசம் சோறுதான். மீன் விஷயத்தையும் பாறை விஷயத்தையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாசி மகம் வந்தது. ஊரிலிருந்த சாமிகள் எல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள். எங்கள் குப்பத்துக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. வள்ளிக்கு உடம்பு சரியில்லாததால் நான் மட்டும் போனேன். அண்ணன் வீட்டில் புது ஓலை வேய்ந்திருந்தது. அண்ணி கழுத்தில் புதுச் சங்கிலி. சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் விடிந்ததும், "வாடா, பெரிய பாருக்குப் போயிட்டு வரலாம். கடல் மறந்து போச்சா இன்னா ஒனக்கு?" என்று அண்ணன் கூப்பிட்டார்.

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. சுற்றிலும் வெறும் மணலும் சேறுமாக இருக்கும் கடலில் மீன் குடியிருப்பதும் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். எங்கள் குப்பம் மூன்று தலைமுறையாக அந்தப் பெரிய பாரில் தூண்டில் போட்டுத்தான் வயிறு வளர்த்தது. கரையில் பனந்தோப்பும் கோயில் கோபுரமும் ஒரே நேருக்கு வந்தால் அடியில் பார் என்று கணக்கு. அங்கே அண்ணன் கட்டுமரத்தை நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டு, மேல் முனையில் காதை வைத்தார். பிறகு என்னை வைக்கச் சொன்னார். கொறக்... கொறக்... என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. கத்தாழை மீன் கத்தும் சத்தம். சந்தைக்கடைக்கு வெளியே நின்று கேட்பது போல அவ்வளவு கூட்டம்.

"பேசிகினு கெடக்குதுங்க பாரு" என்று அண்ணன் சிரித்தார். மடியை அவிழ்த்தார். மடிக்குள்ளிருந்து ஒன்றை வெளியே எடுத்தார். மஞ்சள் காகிதம் சுற்றிய ஜெலட்டின் குச்சி. தினம் நான் கண்ணால் பார்க்கிற அதே காகிதம். முனையில் கேப்பு, நடுவிரல் நீளத்துக்குத் திரி.

"அண்ணே! இது எங்கேருந்து வந்துது?"

"இன்னாடா முழிக்கற? உங்க ஊரு மருந்துதான். சின்னராசு குடுக்கறாப்ல. ஒன் வூட்டுக்கு கருவாடு எடுத்துகினு வந்தன் பாரு, அன்னிக்குப் பழக்கமாச்சி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பீடி நெருப்பில் திரியைக் கொளுத்தித் தூக்கிப் போட்டுவிட்டார்.

எத்தனையோ வெடியை நான் கொளுத்தியவன். ஆனால் அந்த வெடி காதில் விழவில்லை. கால் வழியாக ஏறியது. கட்டுமரம் அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, நெஞ்செலும்புக்குள் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் ஒரு குன்று போல வெள்ளையாக எழும்பி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் வயிறு தெரிய மிதந்து வந்தன. அண்ணன் கைவலையால் அள்ளி அள்ளி மரத்தின் மேல் கொட்டினார். சில மீன்களின் வாய் வழியாகக் குடலும் காற்றுப்பையும் வெளியே வந்திருந்தன. இதுவரை நான் வைத்த வெடியெல்லாம் கல்லுக்கு. உயிரோடு இருப்பதன் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என்ன தோன்றியதோ, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தேன்.

மாசி மாதத்துத் தண்ணீர் தெளிவாக இருக்கும். அன்றைக்கு அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனேன். போகப் போகத் தெரிந்தது. அட கடவுளே! மேலே மிதந்தது கொசுறு. அடியில்தான் எல்லாம் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக மீன்கள், சில இன்னும் செவுள் துடித்துக்கொண்டு. சினையும் வயிறுமாக இருந்த களவா மீன் ஒன்று வயிறு வெடித்து, முட்டை தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது. மணல் மேல் யாரோ அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே போனால் அத்தனையும் மீன் குஞ்சு. சிங்கி இறால் ஒன்று ஓட்டோடு பிளந்து கிடக்க, மீசை மட்டும் அசைந்தது. ஆமை ஒன்று மூக்கிலிருந்து ரத்தம் நூலாக வர, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு மேலே ஏறவும் தெரியவில்லை, கீழே இறங்கவும் தெரியவில்லை.

பாரைப் பார்த்தேன். சின்ன வயதில் முங்கி விளையாடிய பார் அது. அதன் மேல் விசிறி போலவும் செடி போலவும் உயிருள்ளவை வளர்ந்து நிற்கும், அவற்றுக்குள் நூறு நிறத்தில் குட்டி மீன்கள் புகுந்து புறப்படும். இப்போது அது சல்லியாக நொறுங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் பழைய நொறுங்கல், பாசி படிந்து. மறு பக்கம் புது நொறுங்கல். பாறை எப்படி உடைந்தால் எத்தனை குச்சி என்று எனக்குத் தெரியாதா? அதுதானே என் பிழைப்பு. எங்கள் பள்ளத்தில் நொறுங்காத பாறையெல்லாம் இங்கே வந்து நொறுங்கியிருந்தது.

மேலே வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். "மெதந்தது பத்தாதா, அடிக்கி வேற போயிப் பாக்கணுமா?" என்று அண்ணன் என் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் துடுப்பை நட்டுக் காது வைத்தேன். அந்தக் கூட்டம் பேசிய பேச்சில் ஒரு சத்தம்கூட இல்லை. கட்டுமரத்தில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது.

கரைக்கு வந்ததும் எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. என் வாழ்நாளில் நான் அண்ணனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"குஞ்சு குளுவான் எல்லாம் செத்துக் கெடக்குதுண்ணே. இன்னும் நாலு தரம் போட்டீன்னா அந்தப் பாரே இருக்காது. அப்பறம் எங்க போயி மீன் புடிப்ப?"

"அப்பால லாஞ்சுக்காரன் வந்து அடியோட அரிச்சிகினு போறானே, அவனப் போயிக் கேளேன். நான் போட்டாத்தான் தப்பா? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சி, சாண் இன்னா மொழம் இன்னா? கடல் இன்னா ஒன் சொரங்கமாடா, தோண்டத் தோண்டத் தீந்து போவ? கரண்டு வூட்ல ஃபேனுக்கு அடில குந்திகினு மாசாமாசம் சம்பளம் வாங்கறவனுக்கு நல்லாத்தான் பேச வரும்."

அந்தக் கரண்டு வீட்டை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர் கைதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈர வேட்டியைப் பிழிந்தேன். அண்ணனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி சரி, கோச்சிக்காத. ஒண்ணு காட்டறேன் வா" என்று வீட்டுக்குள்ளே கூட்டிப்போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சுருள் திரி. இரண்டு முனையிலும் சிவப்புப் பெயிண்ட். மேலே பிரஷ் இழுத்த தடம்.

கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வேதமாணிக்கம் ஒதுக்கிய அதே சுருள்.

"சின்னராசு குடுத்தது. ஒசத்தி சரக்கு, அதான் செவப்பு பூசிக் குடுத்திருக்காங்க. மாசி மகத்துக்கு சாமி பாதத்துல வெச்சி எடுத்துகினு வந்தன். மொதப் போணி நாளைக்கி" என்றார் அண்ணன் பெருமையாக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் குப்பத்தில் புது வலை வந்தாலும் புது மரம் இறக்கினாலும் முதலில் குங்குமம் வைப்போம். சிவப்பு வைத்தால் நல்லது, ராசியானது என்றுதான் எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். ஆகாது என்பதற்குச் சிவப்பு வைப்பார்கள் என்று எந்த மீனவனுக்குத் தோன்றும்?

"அண்ணே, அது எமன்! எங்க ஃபோர்மேன் ஆவாதுன்னு ஒதுக்குனது அது. பத்த வெச்ச ஒடனே ஓடிடும். நீ கையத் தூக்கறதுக்குள்ள கையில வெடிச்சிடும்!"

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மொதல்ல மீனு பாவம்ன. அது எடுபடல. இப்ப கை போவுங்கற. படிச்சவனுக்கு வாய்க்கு இன்னா பஞ்சம்!"

என் நிலையை நினைத்துப் பாருங்கள். கடலுக்காக நான் முதலில் சொன்ன பேச்சால், அவர் உயிருக்காக இப்போது சொல்வது பொய்யாகிவிட்டது. சத்தியம் செய்தேன், கெஞ்சினேன், காலில் விழுந்தேன். எதற்கும் மசியவில்லை. விடிந்தால் இந்தத் திரியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார். கடைசியில் வேதமாணிக்கம் சொல்லிக் கொடுத்ததுதான் கை கொடுத்தது. "வெளிய வாண்ணே, கொளுத்திக் காட்டறேன்" என்றேன்.

அண்ணன் வழக்கமாக வைக்கும் பழைய சுருளிலிருந்து ஒரு துண்டு, சிவப்புச் சுருளிலிருந்து ஒரு துண்டு, இரண்டும் ஒரே நீளத்தில் வெட்டினேன். கேப்பு, குச்சி ஒன்றும் இல்லை, வெறும் திரி. மணலில் குச்சி நட்டுத் தொங்கவிட்டேன். அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. முதலில் பழையதைக் கொளுத்தினேன். புகைந்து, பொறி கக்கி, நிதானமாக இறங்கியது. "பாருண்ணே, இதுக்குள்ள நீ தூக்கிப் போட்டுடுவ. தண்ணிக்குள்ள போயிடும். இப்பத்தான் வெடிக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு சிவப்பைக் கொளுத்தினேன். தீக்குச்சியை வாயால் ஊதி அணைக்க முகத்தைத் திருப்பினேன், அதற்குள் முடிந்துவிட்டது.

"இன்னொரு தரம்" என்றார் அண்ணன். இன்னும் நீளமாக, ஒரு முழம் வெட்டிக் கொளுத்தினேன். சாரைப்பாம்பு வரப்பில் ஓடுகிற மாதிரி நெருப்பு ஓடியது. அண்ணன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வலது கையை விரித்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, "எங்க வயித்துல பால வார்த்தீங்க தம்பி" என்று அழுதார். அண்ணன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஒன்னப் படிக்க வெச்சது வீண் போவலடா" என்றார். அந்தச் சுருளை என் கையாலேயே மணலில் போட்டு எரித்தேன். நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. விஷயம் முடிந்தது, அண்ணனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தரை லேசாக அதிர்ந்தது. கடலிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம். பழக்க தோஷம், என்னையறியாமல் "ஒண்ணு" என்று எண்ணினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"அண்ணி! அண்ணன் எங்க?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "பழைய திரியத்தான் எடுத்துகினு போயிருக்காரு தம்பி. அது நல்லது, தூக்கிப் போட நேரம் இருக்குதுன்னு நேத்து நீங்கதான காட்டுனீங்க? அவரு மட்டுமில்ல, பாத்த நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிகினு போயிருக்காங்க" என்றார்.

ஊருக்கே நடுவில் நின்று, எந்தத் திரி நம்பலாம் என்று நான்தான் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறேன். மூன்றாவது சத்தம் வரும்போது நான் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக வேதமாணிக்கத்திடம் போனேன். அவர் வெடிமருந்துக் கிடங்கு வாசலில் திரி வெட்டிக்கொண்டிருந்தார். குச்சி, கேப்பு, சிவப்புச் சுருள், சின்னராசு, பார், எல்லாவற்றையும் கொட்டினேன். சிவப்புச் சுருள் என்றதும் கிராம்பைத் துப்பிவிட்டார். "நான் நின்னு எரிச்சிருக்கணும் மேன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய்க் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துவந்து, போலீசுக்கும் மேலதிகாரிக்கும் கொடுக்க வேண்டிய புகாரை எழுத ஆரம்பித்தார். சின்னராசு பெயரை எழுதினார். அவனிடம் வாங்கியவர்கள் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"இது போதும் மேன். திருடுனவன் பேரு இருக்கு. மத்தத போலீஸ் பாத்துக்கட்டும். கூடப் பொறந்தவன் பேர நீ சொல்ல வேணாம்" என்றார்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சின்னராசு போனால் ஒரு பெரியராசு வருவான். கடலில் அந்தச் சத்தம் நிற்கப் போவதில்லை. அந்த ஆமை சுற்றிச் சுற்றி வந்ததே கண்ணுக்குள் நின்றது.

"கை போயிருந்தா அவரே நிறுத்தியிருப்பாரு சார். அந்தக் கைய நான் காப்பாத்திட்டு வந்துட்டேன். அதனால நீங்க எழுதித்தான் ஆவணும். ஏழுமலை. எங்க அண்ணன்" என்றேன்.

வேதமாணிக்கம் என்னை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார்.

சின்னராசுவும் மாட்டினான், அண்ணனும் மாட்டினார். அண்ணன் கடலூர் ஜெயிலுக்குப் போய் வந்தார். குப்பத்தில் வெடிச் சத்தம் நின்றது. அண்ணன் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். நல்லது கெட்டது எதற்கும் எனக்கும் வள்ளிக்கும் சொல்லி அனுப்பவில்லை. தாயும் தகப்பனுமாக இருந்து வளர்த்தவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டில் மீன் வாங்கும்போதெல்லாம் வள்ளி அழுவாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பேன்.

பல வருஷம் கழித்து அவர் இறந்த தகவல் மட்டும் வந்தது. ஓடினேன். யாரும் தடுக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் முழுசாக இருந்தன. தூண்டில் கயிறு உரசிய தடம் விரல்களில் புதிதாக இருந்தது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினேன். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் தெனம் அந்தப் பெரிய பாருக்குத்தான் போனாரு தம்பி. தூண்டியப் போட்டுகினு, துடுப்புல காத வெச்சிகினு, பொழுதுக்கும் குந்திகினு இருப்பாரு. ஒண்ணுகூட கடிக்கல. இத ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இனிமே எனக்கு இன்னா, சொல்லிட்டேன்" என்றார்.